டீசி குடுக்குறதுக்கு முன்னாடி பன்னெண்டு வாரம் குடுங்க: ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், நம்ம கடலோரப் பள்ளிக்கூடங்களோட மேலாண்மைக் குழுவுல உக்காந்திருக்குற அப்பா அம்மாமாருக்கும், தங்கச்சிமடத்துல இருந்து ஒரு அம்மா எழுதுறது.

நான் இ-சேவை மையத்துல வேலை பாக்குறேன். ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு மனு டைப் பண்றேன், சாதிச் சான்று, வாரிசுச் சான்று, தடைக்கால நிவாரணம்னு, அதனால மனு எப்படி எழுதணும்னு எனக்கு நல்லாவே தெரியும், அனுப்புநர் பெறுநர் பொருள்னு போட்டு நாலு வரியில முடிக்கலாம். இந்த விசயத்த நாலு வரியில எழுதி ஒரு தடவ குடுத்துப் பாத்தேன். கோவக்கார பிள்ளைங்களுக்கு ஆலோசகர் வேணும்னு எழுதுனா படிக்கிறவங்களுக்கு அது ஒரு சின்ன விசயமாத்தான் தெரியும், அவங்க மேல தப்பு இல்ல. அதனால முழுசா எழுதுறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

என் பெரியவனுக்கு அப்ப பத்து வயசு, அஞ்சாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துல கோகோ டீமுக்கு பேர் எழுதுனாங்க, இவன் பேர் கட்டாயம் இருக்கும்னு ரெண்டு வாரமா வீட்ல ஒரே பேச்சு, தம்பிக்கிட்ட ஓடிக் காட்டுறது என்ன, என்கிட்ட ஷூ கேட்டது என்ன. லிஸ்ட்ட படிச்சப்ப இவன் பேர் இல்ல. பக்கத்துல இருந்த பையன் இவனப் பாத்து சிரிச்சானாம், சிரிச்சானா இல்ல சும்மா திரும்பினானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு தெரியாது, இவன் ஜாமெட்ரி பாக்ஸ எடுத்து வீசிட்டான். அந்தப் பிள்ளைக்கு புருவத்துக்கு மேல மூணு தையல். ஒரு விரல் கீழ பட்டிருந்தா கண்ணு. அன்னைக்கு சாயந்திரம் அந்த வீட்டு வாசல்ல போயி நின்னேன், அந்த அம்மா என்னைய உள்ள கூப்பிடல, என் பிள்ளைக்கு அப்படி ஆகியிருந்தா நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன். இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நான் என் பிள்ளைய நியாயப்படுத்தி எழுதுறேன்னு யாரும் நினைக்கக் கூடாது. அடி வாங்குன பிள்ளைங்களுக்காகவும் சேத்துத்தான் எழுதுறேன்.

அது முதல் தடவையும் இல்ல. அந்த வருசத்துல மட்டும் நாலு தடவ கூப்பிட்டு விட்டாங்க. அஞ்சாவது தடவ, பேசாம டீசி வாங்கிக்கிட்டு வேற பள்ளிக்கூடத்துல சேத்துருங்கன்னு சொன்னாங்க. எந்தப் பள்ளிக்கூடம்னு நான் சொல்ல வரல, அங்க ஒரு டீச்சருக்கு நாப்பது பிள்ளைங்க, அந்த டீச்சர் அன்னைக்கு கையெல்லாம் ரத்தத்தோட அந்தப் பையன தூக்கிட்டு ஓடுனவங்க. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு, 2009 கட்டாயக் கல்விச் சட்டம், அதோட 16-வது பிரிவு எட்டாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடத்த விட்டு அனுப்பக் கூடாதுன்னு சொல்லுது, 17-வது பிரிவு அடிக்கவும் கூடாது மனசு நோக வைக்கவும் கூடாதுன்னு சொல்லுது. அனுப்பக் கூடாது, அடிக்கக் கூடாது, சரி, அப்ப என்னதான் பண்ணணும்? அந்த இடத்த யாரும் நிரப்பல. அந்த டீச்சருக்கும் சொல்லிக் குடுக்கல, எனக்கும் சொல்லிக் குடுக்கல. நான் கேக்குறது மொத்தமும் அந்த ஒரு இடத்தப் பத்தித்தான்.

எனக்கு தெரிஞ்சத நான் பண்ணேன், அடிச்சேன். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு கேட்டு வளந்தவதானே நானும். துடைப்பக்கட்டையால அடிச்சேன், ஒரு நாள் பெல்ட்டால கூட. அடிச்சா அப்போதைக்கு அடங்குவான், ராத்திரி தம்பிய அடிப்பான், நான் எந்தக் கையால எப்படி ஓங்கினேனோ அதே மாதிரி. மாமியார் ஓரியூர் அருளானந்தருக்கு நேர்ந்துக்கிட்டாங்க, போனோம், மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு, பொய் சொல்லல. சில பேர் ஏர்வாடிக்கு கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. அங்க இருக்குற தர்கா மேல எனக்கு மரியாதை இருக்கு, எல்லா சாதி மதத்து ஆளுங்களும் போற இடம், ஆனா ஏர்வாடின்னு சொன்னாலே எனக்கு 2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் வருது, நான் சின்னப் பிள்ளை, அங்க இருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில விடிகாலையில தீப்பிடிச்சு சங்கிலியில கட்டிப் போட்டிருந்தவங்க ஓட முடியாம 28 பேர் செத்துப் போனாங்க. எங்க அம்மா ரேடியோவ நிப்பாட்டிட்டு அழுதது இன்னும் கண்ணுல இருக்கு. அந்த நெருப்புக்கு அப்புறம்தான் இந்தியா முழுக்க மனநலக் காப்பகங்களப் பத்தி சுப்ரீம் கோர்ட்டு தானா முன்வந்து கேள்வி கேட்டுச்சு. 2017-ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலியால கட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கு, அதே சட்டம் குழந்தைங்களுக்கான மனநல சேவையும் அரசாங்கம் தரவேண்டிய சேவையில ஒண்ணுன்னு சொல்லுது. நம்ம மாவட்டத்து மண்ணுல 28 உசுரு போனதுக்குப் பிறகு வந்த மாற்றத்துல இதுவும் ஒண்ணுங்கய்யா, அதனால நம்ம மாவட்டத்துல அந்த சேவை மத்த மாவட்டத்த விட முதல்ல இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு போனோம், அஞ்சு நிமிசம் பாத்துட்டு மாத்திரை எழுதுனாங்க. அவன் பகல்லயும் தூங்குனான். மாத்திரையே தப்புன்னு நான் சொல்லல, சில பிள்ளைங்களுக்கு அது கண்டிப்பா வேணும், டாக்டர கேக்காம யாரும் நிப்பாட்டிடாதீங்க, நானும் கேட்டுட்டுத்தான் நிப்பாட்டினேன். ஆனா அந்த அஞ்சு நிமிசத்துல அவன்கிட்ட ஒரு கேள்வி கூட யாரும் கேக்கல. அப்புறம் 14416, டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி நம்பர்ல ஒரு நாள் ராத்திரி பேசினேன், தமிழ்லயே நல்லா பேசினாங்க, வாராவாரம் உக்காந்து பயிற்சி குடுக்குற குழந்தை உளவியல் ஆள பாருங்கன்னு அவங்கதான் சொன்னாங்க. எங்க ராமேஸ்வரம் தீவுக்குள்ள விசாரிச்சேன், யாரும் எனக்குக் கிடைக்கல. மதுரையில கிடைச்சாங்க.

2024-ல, பாம்பன் பழைய பாலத்துல ரயில் ஓட்டம் நின்னு போயிருந்த காலம் அது, 2022 டிசம்பர்ல நிப்பாட்டுனது 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்த பிறகுதான் திரும்ப வந்துச்சு. அதனால பஸ்ஸு. காலையில அஞ்சு மணிக்கு கிளம்பி, மாட்டுத்தாவணியில இறங்கி, இன்னொரு பஸ் பிடிச்சு, ஒரு மணி நேரம் அந்த மேடத்துக்கிட்ட உக்காந்துட்டு, ராத்திரி ஆகும் வீடு வந்து சேர. பன்னெண்டு சனிக்கிழமை. ஒரு மணி நேரத்துக்காக ஒரு நாள், ஒரு நாள் சம்பளம், சின்னவன பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு. எனக்கு டிகிரி இருக்கு, மாசச் சம்பளம் இருக்கு, அதனால முடிஞ்சுது. பாசி எடுக்க கடல்ல இறங்குற அம்மாவுக்கு முடியுமா?

அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லணும், ஏன்னா கவுன்சிலிங்னா நம்ம ஊர்ல எல்லாரும் அறிவுரைன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், உள்ள கூப்பிட்டு தம்பி கோவப்படக் கூடாதுப்பா அம்மா அப்பா கஷ்டப்படுறாங்கல்லன்னு சொல்லுவாங்கன்னு. அப்படி ஒரு வார்த்தை கூட அவங்க சொல்லல. முதல் நாள் ஒரு தாள்ல தெர்மாமீட்டர் படம் வரைஞ்சு பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் போட்டு, கோவம் ரெண்டுல இருக்கப்ப உடம்புல எங்க தெரியுது, அஞ்சுல எங்க தெரியுதுன்னு கேட்டாங்க. இவன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் காது சூடாகும்னு சொன்னான். அப்புறம் கை தானா மூடிக்கும்னு சொன்னான். பத்து வருசம் பெத்து வளத்த எனக்கு என் பிள்ளைக்கு கோவம் வந்தா முதல்ல காது சூடாகும்னு தெரியாது. அடுத்த வாரங்கள்ல எது எதுக்கெல்லாம் கோவம் வருதுன்னு நோட்டு போட்டு எழுதுனான், மூச்ச இழுத்து மெதுவா விட பழகுனான், அப்புறம் முக்கியமா ஒண்ணு, ஒருத்தன் மேல வந்து இடிச்சா வேணும்னே இடிச்சானா தெரியாம இடிச்சானான்னு ஒரே விசயத்துக்கு மூணு காரணம் சொல்லிப் பழகுறது. அடிக்கடி அடிதடி பண்ற பிள்ளைங்க, அடுத்தவன் சும்மா பண்ணத கூட வம்புக்குப் பண்ணதா எடுத்துக்குவாங்களாம், கென்னத் டாட்ஜ்னு ஒருத்தர் இதப் பத்தி ரொம்ப வருசமா ஆராய்ச்சி பண்ணியிருக்கார். எனக்கு உடனே அந்த கோகோ லிஸ்ட்டும் சிரிச்ச பையனும்தான் ஞாபகம் வந்துச்சு.

தலகாணிய குத்தி கோவத்த தீத்துக்கச் சொல்லலாமான்னு நான் கேட்டேன், யாரோ அப்படிச் சொல்லியிருந்தாங்க. வேண்டாம்னுட்டாங்க, குத்திக் குத்திப் பழகுனா குத்துறதுதான் பழக்கமாகும், கோவம் குறையாதுன்னாங்க.

ஆறு வாரம் போன பிறகு தோக்க வச்சாங்க. இதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். கேரம் போர்டு எடுத்து வச்சு வேணும்னே அவன தோக்க வச்சாங்க, சிவப்புக் காய இவன் போட இருக்கப்ப அவங்க போட்டுட்டாங்க. அவனுக்கு முகம் மாறுது, காது செவக்குது, நான் பயந்து எந்திரிச்சுட்டேன், அவங்க என்னைய கையால உக்காரச் சொல்லிட்டு அவன்கிட்ட இப்ப எத்தனைன்னு மட்டும் கேட்டாங்க. ஏழு, அப்படின்னான். ஏழ அஞ்சாக்க என்ன பண்ணலாம்? மூச்சு விட்டான். ஆறு. இன்னொரு மூச்சு. அதுவரைக்கும் அவன் படிச்சதெல்லாம் கோவம் இல்லாதப்ப படிச்சது, நிஜமான கோவம் உள்ள இருக்கப்பவே அத உபயோகிச்சுப் பாத்தது அன்னைக்குத்தான் முதல் தடவ. கரையில உக்காந்து எத்தனை தடவ நீச்சல் சொல்லிக் குடுத்தாலும் தண்ணிக்குள்ள இறங்குனாத்தான நீச்சல் வரும், அந்த மாதிரி.

ஏன் இது வேலை செய்யுதுன்னு எனக்கு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. அந்த மேடம் படம் போட்டு விளக்குனாங்க, மிச்சத்த ராத்திரி மையத்த பூட்டுனதுக்கு அப்புறம் போன்ல மொழிபெயர்ப்பு போட்டு படிச்சுப் படிச்சு புரிஞ்சுக்கிட்டேன். ஆட்சியர் அவர்களே, இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்குறேன், ஏன்னா பேச்சால மூளை மாறுமான்னு கேக்குற அதிகாரிங்கள நான் பாத்திருக்கேன்.

1952-ல ஆப்ரம் ஆம்செல்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் எலிகள வச்சு ஒரு சோதனை பண்ணாரு. ஒரு பாதை, அது முடியுற இடத்துல ஒரு தீனிப் பெட்டி, அதுக்கு அப்புறம் இன்னொரு பாதை. தினமும் முதல் பெட்டியில தீனி இருக்கும்னு எலிக்கு பழகிப் போச்சு. திடீர்னு ஒரு நாள் முதல் பெட்டியில ஒண்ணும் இல்ல. எலி சோந்து போயி மெதுவா போகும்னுதான நினைப்போம், அப்படி இல்ல, அடுத்த பாதையில முன்னைய விட வேகமா ஓடுச்சு. கிடைக்கும்னு நம்புனது கிடைக்காம போனா உடம்புல ஒரு வேகம் பிறக்குது. இத நான் என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னப்ப அவரு ஆச்சரியமே படல. ராத்திரி முழுக்க மீன்பாடு இல்லன்னா திரும்பி வரத் தோணாது, இன்னொரு வலை விடுவோம்னு தோணும், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம்னு தோணும், அப்பத்தான் ஆளு போகக் கூடாத இடத்துக்கு போறதுன்னாரு. அவரு ஏன் அப்படிச் சொன்னாருன்னு எங்க கடக்கரையில யாரக் கேட்டாலும் தெரியும். அவரும் ஒரு தடவ அந்தக்கரையில, இலங்கையில, ரெண்டு மாசம் சிறையில இருந்துட்டு வந்தவருதான். எங்க பையனோட கோவம் பெருசானதும் அந்த ரெண்டு மாசத்துக்கு அப்புறம்தான்.

அப்ப ஏமாத்தத்துல வர்ற வேகம் நோய் இல்ல, எல்லா உசுருக்கும் உள்ளது. அந்த வேகத்த பிடிச்சு நிறுத்துற வேலை மூளையோட முன்பக்கத்துக்கு, நெத்திக்குப் பின்னாடி இருக்குற பகுதிக்கு. ஆபத்து ஆபத்துன்னு மணி அடிக்கிறது உள்ள இருக்குற அமிக்டலாங்கிற பாதாம் பருப்பு மாதிரி ஒரு சின்ன பகுதி. மணி அடிக்கிறது பிறந்ததுல இருந்தே நல்லா வேலை செய்யும், நிறுத்துற பகுதி முழுசா வளர இருபது வயசு தாண்டணும். பத்து வயசுப் பிள்ளைகிட்ட ஏன்டா உனக்கு அறிவில்லையான்னு நான் கத்துனது எவ்வளவு தப்புன்னு அன்னைக்கு ராத்திரி புரிஞ்சுது.

கனடாவுல டொரண்டோன்னு ஒரு ஊரு, நம்ம மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமுல இருக்குற பலபேரோட சொந்தக்காரங்க அங்கதான் இருக்காங்க. அங்க 1985-லயே அடிதடி பண்ற சின்னப் பிள்ளைங்களுக்காக ஸ்நாப்னு ஒரு பயிற்சி ஆரம்பிச்சாங்க, இப்ப நில்லு, அப்புறம் திட்டம் போடுங்கிறதுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். அந்த பயிற்சிக்கு வந்த பிள்ளைங்கள மார்க் லூயிஸ், இசபெலா கிரானிக்னு ஆராய்ச்சியாளருங்க பயிற்சிக்கு முன்னாடியும் பின்னாடியும் மூளைய அளந்து பாத்தாங்க. தலையில வலை மாதிரி பின்னுன ஒரு தொப்பி, அதுல நிறைய சென்சார், மூளையில ஓடுற மின்சாரத்த அது பிடிக்கும். கம்ப்யூட்டர்ல ஒரு விளையாட்டு, எழுத்து வந்தா பட்டன அமுக்கணும், அதே எழுத்து திரும்ப வந்தா அமுக்காம கைய நிறுத்தணும், பாயிண்ட் சேந்தா நல்ல பரிசு. நடுவுல அந்த விளையாட்டையே இவங்க மாத்தி விடுவாங்க, பிள்ளை எவ்வளவு நல்லா விளையாடுனாலும் பாயிண்ட் மளமளன்னு இறங்கும். கைக்கு எட்டுன பரிசு போகுது. அதாவது கோகோ லிஸ்ட்டுல பேர் இல்ல. அந்த நேரத்துல, கைய நிறுத்த வேண்டிய அந்த அரை செகண்டுக்குள்ள, முன்மூளை எப்படித் துடிக்குதுன்னு அளந்தாங்க.

அவங்க கண்டுபிடிச்சது நான் எதிர்பாத்ததுக்கு நேர்மாறு. கோவக்கார பிள்ளைங்களுக்கு முன்மூளை வேலையே செய்யாது, பயிற்சிக்கு அப்புறம் செய்யும்னு நான் நினைச்சேன். ஆனா பயிற்சிக்கு முன்னாடி அந்த நேரத்துல மத்த பிள்ளைங்கள விட இவங்களுக்கு முன்மூளையில துடிப்பு அதிகமா இருந்துச்சு, பயிற்சியில நடத்தை நல்லா மாறுன பிள்ளைங்களுக்கு அது குறைஞ்சு மத்த பிள்ளைங்க அளவுக்கு கிட்ட வந்துச்சு. நடத்தை மாறாத பிள்ளைங்களுக்கு மூளையிலயும் அந்த மாற்றம் வரல. இதுக்கு என்ன அர்த்தம்னு அந்த மேடத்த கேட்டேன். முன்ன அடக்குறதுக்கு அவ்வளவு பாடுபட வேண்டியிருந்துச்சு, இப்ப அதே வேலைய கம்மியான முயற்சியில பண்ண முடியுதுன்னு எடுத்துக்கலாம்னாங்க. அன்னைக்கு பஸ்ல பாம்பன் பாலம் தாண்டுற வரைக்கும் எனக்கு அழுகை நிக்கல. என் பிள்ளை முயற்சியே பண்ணாம திமிருக்கு அடிக்கிறான்னு நான் நினைச்சிருந்தேன். அவன் உள்ளுக்குள்ள எல்லாப் பிள்ளைங்கள விட அதிகமா போராடியிருக்கலாம், போராடியும் தோத்திருக்கலாம், அதுக்கு நான் பெல்ட்ட எடுத்திருக்கேன்.

யேல் பல்கலைக்கழகத்துல குழந்தைகள் ஆய்வு மையத்துல டெனிஸ் சுகோடோல்ஸ்கின்னு ஒருத்தர் இதே வேலையப் பல வருசமா பண்றாரு, வாரத்துக்கு ஒண்ணா பன்னெண்டு அமர்வுங்கிற கணக்கு அவரு முறையில உள்ளதுதான். அவரும் கூட இருந்தவங்களும் 2004-ல நாப்பது ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து எழுதியிருக்காங்க, கோவத்துக்கான இந்தப் பயிற்சி பிள்ளைங்களுக்கு நடுத்தரமான பலன் தருதுன்னு. பிரமாதம்னு சொல்லல, நடுத்தரம்னு சொல்றாங்க, அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதுலயே இன்னொன்னும் இருக்கு, கோவம்னா என்ன உணர்ச்சின்னா என்னன்னு பேசிப் புரிய வைக்கிறத மட்டும் பண்ண முறைகள விட, நடிச்சுக் காட்டி, செய்ய வச்சு, திரும்பத் திரும்பப் பழக்குன முறைகள்தான் நல்லா வேலை செஞ்சிருக்கு. வருசத்துக்கு ஒரு தடவ பள்ளிக்கூட மண்டபத்துல ஒருத்தர மைக்கு முன்னாடி நிக்க வச்சு முந்நூறு பிள்ளைங்களுக்கு விழிப்புணர்வு நடத்தி போட்டோ எடுத்து அனுப்புறோம்ல, அது இது இல்ல. அத இதுக்குப் பதிலா கணக்குல காட்டிடாதீங்கன்னு கைகூப்பிக் கேட்டுக்கிறேன்.

பன்னெண்டுல நாலு தடவ எங்கள உக்கார வச்சாங்க, என்னையும் என் வீட்டுக்காரரையும். அவரு மூணு தடவதான் வர முடிஞ்சுது. அங்கதான் எங்களுக்கு விழுந்துச்சு. அவன் கேப்பான், நான் முடியாதும்பேன், அவன் கத்துவான், நான் கத்துவேன், அவன் எதையாவது தூக்குவான், நான் பயந்து இந்தா தொலைன்னு குடுத்துருவேன். அப்ப அவன் என்ன படிச்சுக்கிறான், தூக்குனா கிடைக்கும். நான் என்ன படிச்சுக்கிறேன், குடுத்தா அமைதி. இந்தச் சுழலத்தான் ஜெரால்டு பேட்டர்சன்னு ஒருத்தர் வீடு வீடா போயி பாத்து எழுதி வச்சிருக்கார். இதுக்கு எங்களுக்கு குடுத்த வேலை சின்னதுதான்: நல்லா இருக்கப்ப கவனிச்சு ஒரு வார்த்தை சொல்லணும், சொல்றத ஒரே தடவ சுருக்கமா சொல்லணும், முடியாதுன்னு சொன்னா முடியாதுதான், ஆனா கத்தாம. கேக்க சுலபம். எனக்கு மூணு வாரம் ஆச்சு, அவருக்கு இன்னும் ஜாஸ்தி.

ஆனா எங்க வீட்டுக்கு வேணுங்கிற வார்த்தைய கண்டுபிடிச்சது அவருதான். மேடம் அவருகிட்ட கடல்ல கோவம் வர்ற மாதிரி என்ன நடக்கும்னு கேட்டாங்க. வலை பாறையில மாட்டிக்கும்னாரு. மாட்டுனா என்ன பண்ணுவீங்க? புது ஆளுன்னா எஞ்சின ஏத்தி இழுப்பான், வலை கிழியும், கயிறு அறுந்து ஆளு மேல அடிக்கும். தெரிஞ்சவன் முதல்ல எஞ்சின ஸ்லோ பண்ணுவான், அப்புறம் எந்தப் பக்கம் மாட்டியிருக்குன்னு பாத்து வந்த வழியே மெதுவா எடுப்பான். பையன் அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தான். அன்னையில இருந்து எங்க வீட்ல கோவப்படாதங்கிற வார்த்தை இல்ல, எஞ்சின ஸ்லோ பண்ணுன்னுதான் சொல்றோம். அவன் அவருக்கும் சொல்லுவான். கேட்டுக்கிறாரு.

எல்லாம் நேரா போகல. ஒன்பதாவது வாரம் என் போன சுவத்துல அடிச்சு உடைச்சான், நான் அன்னைக்கு மதுரை போக வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், அடுத்த வாரந்தான் போனோம். பன்னெண்டு முடிஞ்ச பிறகும் ரெண்டு தடவ பள்ளிக்கூடத்துல சண்டை. ஆனா அந்த ரெண்டுலயும் கையில எதையும் எடுக்கல. போன மாசம் பம்பரத்துல தோத்துட்டு, எதிர்த்த பையன் ஏதோ சொல்ல, இவன் கை மூடுறத நான் வாசல்ல இருந்து பாத்தேன், ஓடிப் போகலாமான்னு நினைக்கிறதுக்குள்ள அவன் திரும்பி தண்ணிக் குழாய்க்கு போயி தலைய நனைச்சுட்டு வந்து, இன்னொரு ஆட்டம் ஆடலாம்டான்னான். ஜாமெட்ரி பாக்ஸ்ல அடிபட்ட அந்தப் பையன்தான் அது. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் திரியுறாய்ங்க.

இப்ப நான் கேக்க வந்தது.

இந்தக் கடலோரத்துல தொண்டி, தேவிபட்டினத்துல இருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும், தீவுல பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வரைக்கும், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு சேத்து பொதுவா ஒரு பயிற்சி பெற்ற குழந்தை உளவியல் ஆலோசகர் வேணும். மாசம் ஒரு தடவ வந்து போற ஆளு இல்ல, வாரம் தவறாம அதே நாள் அதே பிள்ளைங்க கூட உக்காருற ஆளு. மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு ஏற்கெனவே இருக்கு, பள்ளிப் பிள்ளைங்கள பரிசோதிக்கிற ஆர்பிஎஸ்கே டீம் இருக்கு, ராமநாதபுரத்துல அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. முன்னேற விழையும் மாவட்டம்னு நம்ம மாவட்டத்த டெல்லி வரைக்கும் பட்டியல்ல வச்சிருக்காங்க. புதுசா எதையும் கட்டச் சொல்லல, இருக்குறத இந்தப் பக்கம் திருப்பி விடுங்கன்னு கேக்குறேன்.

அப்பாமார் எங்க வருவாங்கன்னு கேப்பீங்க, அதுக்குத்தான் ஒரு யோசனை வச்சிருக்கேன். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில கட்டியிருக்கும், அப்பாமார் எல்லாம் வலை கட்டிக்கிட்டு, போட்டுக்கு பெயிண்ட் அடிச்சுக்கிட்டு ஊர்லயேதான் இருப்பாங்க. 61 நாள்ல எட்டு வாரம் இருக்கு. பெத்தவங்களுக்கான வகுப்ப அந்த எட்டு வாரத்துல வைங்க, வலைக் கொட்டகையிலயே வைங்க, வலை கட்டுற கை வேலை பாக்கட்டும், காது கேக்கட்டும். அந்த மாசங்கள்ல வருமானம் இல்லாம வீட்ல சண்டையும் அதிகம், பிள்ளைங்க அடி வாங்குறதும் அதிகம், அதனாலயும் அதுதான் சரியான நேரம். ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்த உடனே பிள்ளைங்களுக்கான பன்னெண்டு வாரத்த ஆரம்பிச்சா காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாடி முடிஞ்சிரும். நாட்டுப்படகுக்காரங்களுக்கும் பாசி எடுக்குற அம்மாமாருக்கும் நேரம் வேற மாதிரி, அது ஊர் ஊரா கேட்டு வைக்கணும்.

மேலாண்மைக் குழு அப்பா அம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளைய எடுத்துட்டா நம்ம பிள்ளைக்கு பாதுகாப்புன்னு கூட்டத்துல கையெழுத்து போடுறது சுலபம், எனக்கும் என் பிள்ளை அடி வாங்கியிருந்தா அப்படித்தான் தோணியிருக்கும். ஆனா டீசி வாங்குன பிள்ளை கடலுக்குள்ள போயிடாது, இதே தெருவுலதான் நிக்கும், நாலு வருசம் கழிச்சு இன்னும் உயரமா. அந்த டீசி பேப்பர எழுதுறதுக்கு முன்னாடி பன்னெண்டு வாரம் இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா ஏன் இல்லைன்னு அந்தத் தீர்மானத்துலயே எழுதி மேல அனுப்புங்க.

டீச்சர்மாருக்கு நான் பாரம் ஏத்தச் சொல்லல. ஆலோசகர் பண்ணுற வேலைய டீச்சர் பண்ண வேண்டாம். காது சிவக்குற பிள்ளைய அடையாளம் கண்டு எத்தனைன்னு கேட்டு, தண்ணி குடிச்சுட்டு வான்னு வெளிய அனுப்ப ஒரு அனுமதி, அவ்வளவுதான். என் பையனோட இப்போதைய டீச்சர் அதைத்தான் பண்றாங்க, நான் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன், மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சிருக்காங்க.

எங்க மையத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் சும்மா கிடக்கு, ஃபேன் இருக்கு, ஒரு கேரம் போர்டு நான் வாங்கித் தரேன். சனிக்கிழமை சாவி என்கிட்டதான் இருக்கும். ஆள மட்டும் அனுப்புங்க. இந்த மடலோட ஒரு நோட்டையும் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள் அன்னைக்கு நேர்ல கொண்டு வந்து தருவேன், பன்னெண்டு வாரத்துல அவன் எழுதுன கோவ நோட்டு அது, அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் கொண்டு வரேன். முதல் பக்கத்துல எல்லாம் ஒன்பது, பத்துன்னு இருக்கும். கடைசி பக்கத்துல ஒரு நாலு இருக்கு, பக்கத்துல, அப்பா கடல்ல இருந்து வர லேட்டுன்னு எழுதியிருக்கான்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்துல இருந்து ஒரு அம்மா